கலங்காத மணல்

"கலங்குற மணலை எதுக்கு சார் வீட்டுல வெச்சிருக்கீங்க? கொட்டிட்டு வாங்க, வேற தர்றேன்."

கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் கடை ஒன்றில், கடைக்காரர் யாரிடமோ போனில் சொன்னது இது. அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த ஒரு மூட்டை வெள்ளை மணலின் காதில் அது விழுந்தது. அந்த மூட்டையைப் பற்றிச் சொன்ன வார்த்தை இல்லைதான். ஆனால் பயந்த காதுக்கு எல்லாப் பேச்சும் தனக்குச் சொன்ன பேச்சு.

கொட்டிய மணல் எங்கே போகும் என்று அதற்குத் தெரியும். கடை வாசலில் ஒரு பள்ளம் இருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்த மணலைக் கடைக்காரர் அதில்தான் கொட்டினார். அதன்மேல் ஆட்டோ ஏறியது, தண்ணீர் லாரி ஏறியது. அடுத்த மழையில் அது சேறாகிச் சேற்றோடு போனது.

"நான் கலங்கவே மாட்டேன்" என்று மணல் தனக்குள் சபதம் செய்துகொண்டது.

அதை வாங்கிப் போனவன் பெயர் தியாகு. அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி வினோதினி. திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், கல்யாணத்தோடு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அந்த வீட்டில் சத்தமே கிடையாது.

"காபி குடிக்கிறீங்களா?" என்பாள் வினோதினி.

"நீங்க குடிச்சா நானும் குடிக்கிறேன்" என்பான் தியாகு.

"உங்களுக்கு வேணும்னா போடறேன்."

"எனக்காகச் சிரமப்பட வேண்டாம்."

இப்படிப் பேசிப் பேசியே காபி இல்லாமல் போன சாயங்காலங்கள் உண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் தன் கணவரிடம், "அவங்களைப் பார்த்துக் கத்துக்கோங்க, ஒருநாளாவது குரல் வெளியே வந்திருக்கா?" என்று சுவர் கேட்கச் சொல்லுவாள்.

கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்திருந்தது. கடல்மீன் தொட்டி. மணலை முதலில் அலச வேண்டும். வினோதினி அதைப் பால்கனியில் ஒரு வாளியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பால் போல வெளுத்தது.

மணலுக்கு உயிரே போய்விட்டது. உடம்பெல்லாம் இவ்வளவு தூசியா? அது அவசர அவசரமாகத் தூசியைக் கீழே கீழே தள்ளியது. மேலே இருந்த துகள்கள் நெருக்கிக்கொண்டு நின்று மூடிக்கொண்டன.

"என்ன பண்றே?" என்றது வாளி.

"ஒண்ணுமில்லை."

"என் அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? வெளியே விடு. அலசறதே அதுக்குத்தானே."

"கலங்கினா கொட்டிடுவாங்க. சும்மா இரு."

வினோதினி அரிசி களைகிற மாதிரி அலசினாள். விரல் நுனியால் மேலாகக் கிளறி, வாளியைச் சாய்த்து, தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி பிடித்தாள். அரிசிக்கு அது போதும். மணலுக்குக் கை அடிவரை போக வேண்டும். அவள் கை போகவில்லை. மனமும் அங்கே இல்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கேம்மா. ரொம்ப நல்லவர்மா, ஒரு சொல் சொன்னதில்லை. வேலையா? அதை விட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைம்மா. அவருக்கு அதுதான் இஷ்டம்னு தோணுச்சு, விட்டுட்டேன். சீச்சீ, அழலை. சளி."

வாளிக்குள் ஒரு சொட்டு விழுந்தது.

"உப்புப் பையை இன்னும் பிரிக்கவே இல்லையே, இது எங்கேயிருந்து கரிக்குது?" என்றது வாளி.

மணல் அடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களால் பேச முடியாது.

நாலைந்து தண்ணீர் மாறியதும் மேலே தெளிவாகிவிட்டது. தியாகு எட்டிப் பார்த்தான்.

"ரொம்ப நல்லா அலசிட்டீங்க. கை வலிக்கலையே?"

"அதெல்லாம் இல்லைங்க. மணல் நல்ல மணல். சீக்கிரம் தெளிஞ்சிடுச்சு."

தொட்டியில் போடும்போது தியாகு அதைக் கிண்ணம் கிண்ணமாக அள்ளி மெல்லப் பரப்பினான். அதற்குள் மணல் தேறிவிட்டிருந்தது. தூசியை இறுக்கிக்கொண்டே இறங்கி, கண்ணாடியின் அடியில் அதைப் படுக்க வைத்து, அதன்மேல் தான் படுத்துக்கொண்டது. பிறகு உப்பைக் கரைத்த தண்ணீர் வந்தது. நண்பன் ஒருவனுடைய தொட்டியிலிருந்து ஒரு பாறை வந்தது. அலை எழுப்புகிற சின்ன மோட்டார் ஒன்று ரப்பர் பிடியால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் பக்குவப்படட்டும் என்று சில வாரம் காத்திருந்தார்கள். தினமும் தியாகு வந்து பார்த்து, "எவ்வளவு தெளிவு பாருங்க!" என்பான். வினோதினி, "ஆமாங்க, அழகா இருக்கு" என்பாள். மணலுக்குப் பெருமையாக இருக்கும். கூடவே முதுகு வலிக்கும். ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பது சுலபமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் மீன் வந்தது. தண்ணீரும் காற்றும் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் ஒரு சின்ன உளுவை. தண்ணீரின் சூடு பழகட்டும் என்று தியாகு பையை அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டான்.

உளுவை பைக்குள்ளிருந்து குனிந்து பார்த்தது.

"அடேயப்பா, என்ன வெள்ளை! நீதான் என் சாப்பாட்டுத் தட்டா?"

"தட்டா?" என்றது மணல்.

"பயப்படாதே, உன்னைத் தின்ன மாட்டேன். வாய் நிறைய அள்ளுவேன். உள்ளே இருக்கிற தீனியை எடுத்துக்கிட்டு உன்னைச் செவுள் வழியா வெளியே விட்டுடுவேன். நாள் முழுக்க அதான் எனக்கு வேலை."

"மேலாகத்தானே அள்ளுவே?"

"படுக்கக் குழி தோண்டணுமே. அடி வரைக்கும்."

மணல் மெல்லக் கேட்டது: "அடியில தூசி இருந்தா?"

"செவுள் அடைச்சுக்கும். என்கூட இருந்த ஒருத்தன் அப்படித்தான் போனான், பாவம். உனக்கென்ன, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கே. பசிக்குது, எப்போ அவிழ்ப்பாங்க?"

தான் ஒளித்து வைத்தது தனக்கு மட்டும்தான் வலிக்கும் என்று மணல் அன்றுவரை நினைத்திருந்தது.

"உப்பே" என்று கூப்பிட்டது. உப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் பதில் வந்தது.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தக் குஞ்சு வெளியே வர்றதுக்கு முன்னாடி தூசியை விட்டுடு."

"விட்டா கொட்டிடுவாங்க."

"கொட்டலாம். கொட்டாமலும் இருக்கலாம். நான் இங்கே வரும்போது பையில பளபளன்னு இருந்தேன். இப்போ எங்கே இருக்கேன்னு எனக்கே தெரியலை. முழுசாக் கரைஞ்சவன்கிட்ட வந்து, கலங்கப் பயமா இருக்குன்னு சொல்றே!"

தியாகு பையின் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தான். மணல் மோட்டாரைப் பார்த்தது.

"அண்ணே, கொஞ்சம் கீழே இறங்கி என்மேல ஊத முடியுமா?"

"இறங்காம இருக்கத்தானே இத்தனை நாளாப் பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றது மோட்டார். "ரப்பர் பிடி என்னிக்கோ தளர்ந்துபோச்சு. நிஜமாவா கேட்கிறே?"

"நிஜமா."

"அப்புறம் என்மேல பழி போடக் கூடாது."

ரப்பர் பிடி கண்ணாடியில் வழுக்கியது. மோட்டார் தலைகீழாக இறங்கி, முழு மூச்சையும் மணலின்மேல் விட்டது. மணல் இறுக்கத்தை விட்டது. அடியிலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பி மேலே வந்தது. பாறை மறைந்தது. மோட்டார் மறைந்தது. தொட்டி முழுக்கப் பாலாகிவிட்டது.

"ஐயோ, மணல்!" என்றான் தியாகு. பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தான்.

சமையலறையிலிருந்து வினோதினி ஓடி வந்தாள். "என் தப்புங்க. நான் சரியா அலசலை."

"இல்லைங்க, மோட்டாரைச் சரியா ஒட்டாதது நான். என் தப்பு."

"இல்லைங்க, என் தப்புதான்."

"நீங்க வருத்தப்படாதீங்க. கலங்கினா கொட்டிட்டு வேற மணல் வாங்கிடலாம். கடையில அப்படித்தான் சொல்றாங்க." அவன் குளியலறைக்குப் போய் பிளாஸ்டிக் குவளையை எடுத்து வந்தான்.

மணலுக்கு இப்போது எதுவும் தெரியவில்லை. எந்தத் துகளும் எந்தத் துகளோடும் இல்லை. குவளையின் விளிம்பு வந்து தொட்டது மட்டும் தெரிந்தது. பள்ளம்தான் என்று அது நினைத்தது.

"கொட்ட வேண்டாம்" என்றாள் வினோதினி.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நானே..."

"கொட்ட வேண்டாம்னு சொல்றேன் இல்லை!"

பக்கத்து வீட்டில் டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

தியாகு குவளையோடு அப்படியே நின்றான். வினோதினிக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் கலங்கினா உடனே கொட்டிடணுமா? வேலையை விட எனக்கு இஷ்டமே இல்லை, தெரியுமா உனக்கு?"

அந்த 'உனக்கு' கூடத்தின் நடுவில் போய் நின்றது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் முயலவில்லை.

"நான் விடச் சொல்லலையே" என்றான் தியாகு. "உங்களுக்கு இஷ்டம்னா விட்டுடலாம்னுதானே சொன்னேன்?"

"எங்க வீட்டுல அப்படிச் சொன்னா, விடுன்னு அர்த்தம்!"

"எங்க வீட்டுல அப்படிச் சொன்னா, உங்க இஷ்டம்னுதான் அர்த்தம்!" அவன் குரலும் ஏறிவிட்டது. "திருச்சிக்கு வேலை மாத்தல் கேட்டு எழுதி வெச்சிருந்தேன். நீங்களே வேலையை விட்டுட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. கிழிச்சுப் போட்டேன்."

"சொல்லவே இல்லையே!"

"நீயும் சொல்லலையே!"

சுவருக்கு அந்தப் பக்கம் டிவியை யாரோ அடியோடு அணைத்தார்கள்.

"சரி, இந்த மீனாவது பிடிச்சிருக்கா?" என்றான் தியாகு.

"மீனைக் கண்டாலே எனக்குப் பயம். கண்ணை இமைக்கவே இமைக்காது."

"அன்னிக்கு மால்ல மீன்தொட்டியைப் பார்த்து அழகா இருக்குன்னு சொன்னியே! அதுக்காகத்தானே இதெல்லாம்!"

"நீ காட்டினே, நான் சொன்னேன்."

"அந்தத் தொட்டியையே பார்த்துக்கிட்டு நின்னியே, அதான் காட்டினேன்!"

"அந்தக் கண்ணாடியில பார்த்துத் தலையைச் சரிபண்ணிக்கிட்டிருந்தேன்!"

தியாகு குவளையைத் தொட்டிக்குள்ளிருந்து வெறுமனே எடுத்துத் தரையில் வைத்தான்.

வினோதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பால்கனியிலிருந்து வாளியை எடுத்துவந்து, தொட்டிக்குக் கரைத்ததில் மீதம் வைத்திருந்த உப்புத் தண்ணீரை அதில் ஊற்றினாள். முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, உளுவை இருந்த பையை இரண்டு விரலால் தூக்கி வாளியில் மிதக்கவிட்டாள்.

"இது என்ன இடம்?" என்றது உளுவை.

"இன்னிக்கு இதான் உன் வீடு" என்றது வாளி. "என் அடியில ஒண்ணுமில்லை. தைரியமா இரு."

வினோதினி தொட்டிக்குத் திரும்பினாள். வளையல்களைக் கழற்றி டிவி மேசைமேல் வைத்தாள். கையை முழங்கைக்கு மேலே நனையும்படி உள்ளே விட்டு, ஒரு மூலையில் கண்ணாடி தட்டுப்படும்வரை துழாவிப் புரட்டினாள். அங்கிருந்து இன்னொரு வெள்ளை மேகம் எழுந்து மேலே வந்தது.

"அடியில இன்னும் நிறைய இருக்கு" என்றாள்.

தியாகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிர் மூலைக்குப் போய், தன் கையையும் உள்ளே விட்டான்.