இரண்டு அங்குலத்துக்குள் ஒரு கல்யாணம்

“பெரியதைச் சிறியதாக்கத் தெரிந்தவன் ஒன்று ஞானியாக இருப்பான், இல்லையென்றால்...” என்று மாசிலாமணியின் அறுபதாம் கல்யாணத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாழ்த்திப் பேசினார். இல்லையென்றால் யார் என்பது தவில் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர், மலேசியாவில் ஈப்போவில் படுத்த படுக்கையாக இருக்கும் மாசிலாமணியின் அக்கா. “தம்பி கல்யாணத்தைப் பாத்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்” என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க மாசிலாமணிக்கு வெள்ளிக்கிழமை விமானம். அதற்குள் மூன்று மணி நேர வீடியோவை உள்ளங்கை அளவு பிளேயரில் ஏற்றியாக வேண்டும்.

பிளேயரை அனுப்பிய அக்கா மகன், கணினியின் கறுப்புத் திரையில் தட்டவேண்டிய கட்டளையையும் எழுதியிருந்தான். “எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டுங்கள் மாமா. கணினி எது கேட்டாலும் ஆமாம் சொல்லுங்கள். சரியாக வந்தால் மட்டும் அடுத்த வரியைப் படியுங்கள்.”

கட்டளையின் நடுவே ‘உங்கள் கோப்பின் பெயர்’ என்று இருந்தது. மாசிலாமணியும் துணைக்கு வந்திருந்த இருவரும் அப்படியே தட்டினார்கள். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கணினி.

“எழுத்து ஒன்னும் பிசகலையே, அத்தான்” என்றார் மைத்துனர் சடகோபன்.

“பிசகினது நம்ம கோப்புதான்” என்றார் சம்பந்தி ஏகாம்பரம். “பையன் ஒரு பேர் சொல்றான். நாம வேற பேர் வச்சிருக்கோம்.”

வீடியோவின் பெயரை ‘உங்கள் கோப்பின் பெயர்’ என்று மாற்றினார்கள். கணினி வேலை செய்தது. அப்போது வந்த தைரியம்தான் பிற்பாடு நடந்ததற்கெல்லாம் காரணம்.

பிளேயரில் போட்டுப் பார்த்தார்கள். மண்டப வாசல், ஒரு வாழைமரம், அதனடியில் ஒரு நாய். முடிந்துவிட்டது.

“நானூறு பேர் எங்கேப்பா?” என்றார் மாசிலாமணி.

“ரெண்டு அங்குலத்துக்குச் சுருக்கினா அத்தனை பேரும் எப்படி நிப்பாங்க? உதிர்ந்திருப்பாங்க” என்றார் ஏகாம்பரம்.

“நாய் மட்டும் நிக்குதே?”

“அதுக்கு நாலு கால், சம்பந்தி.”

சரியாக வரவில்லை. ஆகவே அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை. அதில், ‘இப்போது செய்தது வெறும் பத்து விநாடிச் சோதனை. முழுக் கல்யாணத்துக்கும் இதைத் தட்டுங்கள்’ என்று இருந்தது.

“சுருக்கினதை விரிச்சா ஆளுங்க திரும்பி வந்துருவாங்க” என்றார் சடகோபன். கட்டளையில் முன்னால் இருந்த கல்யாணக் கோப்பின் பெயரைப் பின்னாலும், பின்னால் இருந்த சுருக்கிய கோப்பின் பெயரை முன்னாலும் போட்டார். பழைய கோப்பை அழித்துவிட்டு எழுதலாமா என்று கணினி கேட்டது. எது கேட்டாலும் ஆமாம். சொன்னார்கள்.

இப்போது கணினியிலும் வாழைமரம், நாய். கல்யாணத்தை வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர் தன்னிடமிருந்த பிரதியை அழித்து இரண்டு மாதமாகிறதாம்.

காபி கொண்டுவந்த வடிவாம்பாள் கணவனின் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். “ஏன் இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க? உங்க அக்காகிட்ட அந்த நாயைக் காட்டி, இதுதான் மாப்பிள்ளைன்னு சொல்லிடுங்க.”

மாசிலாமணி காபி ஆறும்வரை யோசித்தார்.

வியாழக்கிழமை காலை, அதே மண்டப வாசலில் ஒரு வாழைமரம் கட்டி, அதனடியில் வீடியோவுக்காக வடிவாம்பாளுக்கு மறுபடி தாலி கட்டுவது, கட்டி முடித்த கையோடு உதிர்ந்துவிடாதபடி இருவரும் கைகளையும் தரையில் ஊன்றிக்கொள்வது என்று முடிவுசெய்தார்.