கானக்கடல் தொலைத்த பாட்டுகள்

கானக்கடல் பொன்னுலிங்கம் மேடையில் வாயை மட்டும்தான் அசைப்பார். என்றோ ஸ்டுடியோவில் பாடி, குழுவின் பொது ஆன்லைன் ஃபோல்டரில் போட்டுவைத்த பாட்டுகள்தான் ஒலிக்கும். அன்று கோயில் கொடைத் திருவிழாவில் கச்சேரி தொடங்கும் நேரம், ஃபோல்டர் காலி.

"ஏல எட்வின், நீதான் அழிச்சிருப்ப!" என்று சவுண்ட்காரனிடம் பாய்ந்தார். "இப்பவே பாட்டு வரலன்னா மூட்டையக் கட்டு. உன் இடத்துல என் மச்சினன் உக்காருவான்."

மச்சினன் புதுச் சட்டையோடு தயாராக நின்றான்.

"சரிண்ணே" என்று எட்வின் மைக்கை எடுத்தான். "பெரியோர்களே! இன்று முதல்முறையாக நம் கானக்கடல் சொந்தத் தொண்டையில் பாடுவார்!"

விசில் பறந்தது. கானக்கடலுக்கு வியர்த்துக் கொட்டியது. ஓரமாகப் போய்ச் செல்போனை நாலு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவந்தார்.

"கிடைச்சிட்டுல, போடு!"

"எங்கண்ணே கிடந்துச்சு?"

"என் சொந்த ஃபோல்டர்ல. தானா வந்து ஒளிஞ்சிருக்கு."

"பாவம், உங்ககூட மேடையேறப் பயந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, அதுவரை திறந்தே இருந்த மைக்கை எட்வின் அணைத்தான்.

கூட்டம் சிரித்த சிரிப்பில், மச்சினன் புதுச் சட்டை கசங்காமலே பஸ் ஏறிவிட்டான்.