மூலையில் நின்றவள்

நடந்தது இப்படித்தானா என்று தாணுலிங்கத்துக்கே பல வருஷமாகச் சந்தேகம். லென்ஸைப் பற்றிக் கேட்கத்தான் அன்று ராபியாவிடம் போனாரா? இல்லை, உள்ளுக்குள் எல்லாம் தெரிந்துதான் போனாரா? இதை யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால் அந்தச் சந்தேகம் வந்து குறுக்கே நின்றுகொள்ளும். ஆனாலும் சொல்வார்.

ராபியா பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் எடுத்த முகத்தின் முன்னால் போய் நின்றால், படத்தில் இருப்பவர் இப்போதுதான் ஏதோ சொல்லி முடித்த மாதிரி இருக்கும். தாணுலிங்கம் மின்வாரியத்தில் இன்ஜினியர். வயதில் ராபியாவைவிட மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

“என் மக கேட்டா சிரிப்பா சார். அவ ஹோம்வொர்க்கே எனக்குத் தெரியாது” என்று ராபியா சொல்லிப் பார்த்தார். தாணுலிங்கம் மாற்றிக்கொள்ளவில்லை.

மனைவி வடிவு இறந்தபிறகு அவர் எடுத்த எந்த முகத்திலும் உயிர் இல்லை. அது அவருக்கே தெரிந்தது. குறை லென்ஸிலா, தன்னிடமா என்று தெரிந்தாக வேண்டும். தன்னிடம் என்றால் இனிமேல் கேமராவைத் தொடுவதில்லை. அப்படி ஒரு முடிவோடுதான் போனார்.

“டீச்சர், முகம் எடுக்க எந்த லென்ஸ் நல்லது?”

ராபியா ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“பீரோ நிறைய வச்சிருக்கியளே சார், அதெல்லாம் என்னாச்சு?”

“எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிட்டேன். திருப்தியா இல்ல.”

“எப்படி டெஸ்ட் பண்ணுவிய?”

யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர்போல அவர் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுச் சுவரில் செய்தித்தாளை ஒட்டுவார். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி எதிரே வைப்பார். சுமாரான லென்ஸ்கூட நடுவில் தெளிவாகத்தான் இருக்கும். படத்தின் மூலைக்குப் போகப் போகத்தான் குழம்பும். நடுவுக்குச் செய்தித்தாள் போதும். மூலைக்கு ஒரு முகம் வேண்டும்.

“மூலைல யாரு?”

“வடிவு நிப்பா. புது லென்ஸ் வந்துட்டா நான் கூப்பிடக்கூட வேண்டாம். ‘உங்க மூலைக்கு வந்துட்டேன், சட்டுனு முடிங்க, அடுப்புல பால் இருக்கு’ம்பா.”

“அந்தப் படமெல்லாம் இருக்கா?”

“ஒண்ணும் அழிக்கல. ஒப்பிட்டுப் பாக்கணும்லா.”

“அடுத்த வாரம் கொண்டாங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தார். ராபியா அவற்றைச் சின்னச் சின்னப் படங்களாக அச்சுப்போட்டு, ஆல்பம் ஒட்டுகிற நீள மேசையில் எடுத்த வரிசைப்படியே பரப்பி வைத்தார். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சுவர். நடுவில் செய்தித்தாள். வலது மூலையில் வடிவு.

“ஒவ்வொண்ணா சொல்லுங்க சார்.”

“இதுதான் மொத லென்ஸ். மூலை மகா மோசம். காது எது, தோடு எதுன்னே தெரியல பாருங்க. அடுத்தது பரவாயில்ல, ஆனா ஓரத்துல நீலம் பூக்கும்.”

“இது?”

“இது அருமையான லென்ஸ். காதோரத்து முடிய ஒண்ணொண்ணா எண்ணலாம்.”

“நரைச்சிருக்கு.”

“ஆமா. நரைமுடியிலதான் கூர்மை நல்லாத் தெரியும்.”

ராபியா மேசையோரமாகவே நடந்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

“இதுல சுவத்துல சாஞ்சிருக்காங்க.”

“நேரா நில்லுன்னு சொன்னேன். அடுத்ததுல நேராத்தான் நிக்கா.”

“கை?”

தாணுலிங்கம் கையைப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே வடிவு கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அடுத்த படத்திலும் கை அங்கேதான் இருந்தது. அதற்கடுத்ததிலும். ரவிக்கை தோளில் நிற்காமல் தொளதொளத்தது. மணிக்கட்டில் கிடந்த வளையல் முழங்கைப் பக்கம் ஏறியிருந்தது.

இந்தப் படங்களை அவர் பார்க்காதவர் இல்லை. கம்ப்யூட்டரில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, அந்தக் காதையும் தோட்டின் கல்லையும் மணிக்கணக்கில் பார்த்தவர்தான்.

கடைசிப் படத்துக்கு வந்தார். அதை எடுத்த அன்று அவள் கேட்டிருந்தாள்.

“ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிடட்டா?”

“உக்காந்தா உயரம் மாறிப்போவும். பழைய படத்தோட ஒப்பிட முடியாது. ரெண்டு நிமிஷம், வடிவு.”

நின்றாள். படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் முன்னாலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்று வடிவைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, “வெளிய ஒண்ணும் தெரியலையே டாக்டர்” என்றுதான் தாணுலிங்கம் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி அது அவருக்கே உண்மையாகியிருந்தது.

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதல் படத்திலிருந்து மறுபடியும் பார்த்து வந்தார். இந்தத் தடவை எந்த இடத்திலும் லென்ஸின் பெயரைச் சொல்லவில்லை. ராபியா நாற்காலியை இழுத்துப் போட்டார். தாணுலிங்கம் உட்காரவில்லை.

“டீச்சர்.”

“சொல்லுங்க சார்.”

“எந்த லென்ஸ்லேர்ந்து தெரிய ஆரம்பிக்குது?”

வேறு எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

ராபியா மேசை முழுவதையும் ஒருமுறை பார்த்தார்.

“அந்த மொத லென்ஸைத் தவிர எல்லாமே நல்ல லென்ஸ்தான் சார். ஒண்ணுகூட அவங்களப் பாக்காம விடல.”