தலைகீழாய் நிற்பவர்கள்

“தலைகீழா நின்னு பாத்துட்டேம்மா. மனசு அடங்க மாட்டேங்குது. நாளைக்குக் காலையில ஊருக்குக் கெளம்பறேன்.”

சொன்னவர் இருளாண்டி. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, ஓய்வு பெற்ற மறுவாரமே ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். வயது அறுபத்து மூன்று. கேட்டுக்கொண்டிருந்த குரு வடிவாம்பிகைக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது.

மூன்று வருடமாக மனுஷரும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறார். மூச்சைக் கவனி என்றால், நாலு மூச்சு வந்து போவதற்குள் மனசு மகள் வீட்டுக்குப் போய்விடும். இழுத்து வந்தால் என்றைக்கோ முடிந்துபோன சண்டைக்குக் கிளம்பிவிடும். நேற்று வந்தவர்கள்கூடச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்க, தனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று உடைந்தே போயிருந்தார்.

“தலைகீழாவா நின்னீங்க?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா.”

“நெசமாவே நிக்கிறவங்க குளத்தங்கரையில இருக்காங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க. அப்புறம் கெளம்பலாம்.”

குளத்தங்கரை மருதமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கின. பகலெல்லாம் ஆடாமல் அசையாமல் தூங்கும் ஜீவன்கள். அதுகளைக் காட்டித் தன்னைக் குத்திக்காட்டத்தான் அனுப்புகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார் இருளாண்டி.

மத்தியானம் போனவர் பொழுது சாயும்போதுதான் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“பகல்ல தூங்குதுன்னு எவம்மா சொன்னான்? ஒண்ணாவது சும்மா இருக்கணுமே!”

மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனார். ஒன்று சிறகையே விசிறியாக்கி வீசிக்கொண்டதாம். ஒன்று பக்கத்தில் இருந்ததை இடித்துத் தள்ளிச் சண்டைக்கு நின்றதாம். இன்னொன்று சிறகை விரித்து வைத்து நக்கிச் சுத்தம் செய்ததாம். அதிலும் ஒரு தாய் வௌவாலைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரலே மாறிவிட்டது. வெயில் தாங்காமல், மாரில் தொற்றிய குட்டியோடு பறந்து போய்க் குளத்தில் நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்தது. அந்த ஈரத்தைக் குட்டியும் அதுவும் நக்கி நக்கிக் குடித்தன. குடித்து முடித்ததும் மறுபடி குளத்துக்குப் போனது. எத்தனை தடவை போய் வந்தது என்று இவருக்கே நினைவில்லை. இப்படி ஓர் அழகை இத்தனை வயசுக்கும் தான் பார்த்ததில்லை என்றார்.

வடிவாம்பிகை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அப்படின்னா ஒரு நிமிஷம் நிலையா நிக்கத் தெரியாததுங்க. மரத்தை விட்டுப் போகச் சொல்லிடலாமா?”

இருளாண்டிக்குக் கோபமே வந்துவிட்டது.

“அதுங்க ஏம்மா போகணும்? எத்தனை தடவை பறந்தாலும் திரும்பி வந்து அதே கெளையைத்தானே பிடிக்குது?”

வடிவாம்பிகை பாயில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்க.”