முதல் பிழை

"மூணு வாரமா முட்டி மோதுறேன் டீச்சர். இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது. நீங்களே போட்டுக் குடுத்துடுங்க."

சொன்னவர் திருமேனி. வயது அறுபத்து நான்கு. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். டீச்சர் நஸ்ரினுக்கு முப்பத்தொன்று. ஞாயிறுதோறும் நூலக மாடியில், வருகிறவர்களுக்கெல்லாம் கணினி சொல்லித் தருபவள்.

"அப்படி என்ன அவசரம் சார்?"

"மறதி. இனி கூடிக்கிட்டேதான் போகும்னு டாக்டர் சொல்லிட்டார். எல்லாத்தையும் எழுதி வைக்கச் சொன்னார். போன்ல ஒரு ஆப்ல எழுதினேன். அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. எழுதினதும் போச்சு."

யாரும் மூட முடியாத குறிப்பேடு வேண்டும் அவருக்கு. அப்படி ஒரு மென்பொருள் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் குறிப்பு எழுதலாம். ஆனால் மூல நிரலாகத்தான் கிடைக்கும். அவரவர் கணினியில் அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டச் சொல்லும் 'மேக்' கட்டளையை அவர் அடித்தார். திரை நிறையப் பிழைகள் கொட்டின.

"என்ன சொல்லுது?"

கடைசி வரியைப் படித்தார். "பிழை, நிறுத்திட்டேன்னு சொல்லுது. தினமும் இதேதான்."

"முதல்ல என்ன சொல்லுச்சு?"

மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அவர் மேலே போய்ப் பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறோம்?

போய்ப் பார்த்தார். முதல் பிழை, தனக்கு வேண்டிய ஒரு கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டதை நெட்ல இருந்து இறக்கிக் குடுங்க."

கொடுத்தார். அடுத்த முறை அடித்தபோது வேறொன்றைக் கேட்டது. அதையும் கொடுத்தார்.

மூன்றாம் முறை ஒன்றும் கேட்கவில்லை. வரி வரியாக, கோப்பு கோப்பாக, தன்னைத்தானே கட்டிக்கொண்டு போனது. திருமேனிக்கு மெய்சிலிர்த்தது. விதை முளைப்பதை முப்பது வருடம் பாடம் நடத்தியவர், அன்றுதான் முதன்முதலாக அதைப் பார்ப்பதுபோலத் திரையை நோக்கிக் குனிந்தார்.

"டீச்சர்... இது நான் கட்டினதா?"

"முதல் குறிப்பை எழுதுங்க சார்."

எழுதினார்.

ஒன்றரை வருடம் கழித்து மறுபடி மாடியேறி வந்தார். கையில் மகள் வாங்கித் தந்த புதுக் கணினி. பழைய குறிப்புகளை அவளே அதில் ஏற்றியிருந்தாள். குறிப்பேட்டு மென்பொருள் மட்டும் இல்லை.

"வணக்கம்மா. நீங்கதான் இங்க சொல்லித் தர்றவங்களா? ஒண்ணு இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது. நீங்களே போட்டுக் குடுத்துடுங்க."

நஸ்ரின் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல் குறிப்பைத் திறங்க சார்."

"குறிப்பேடு இல்லாம எப்படித் திறக்கிறது?"

"வெறும் எழுத்துதான் சார். எதுல வேணா திறக்கும்."

திறந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"பயப்படாதே. கடைசி வரியைப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகாதே. மேலே போ. முதலில் என்ன கேட்கிறது என்று படி. கேட்டதைக் கொடு. மறுபடி 'மேக்' அடி. மூன்று முறை ஆகும். உன்னால் முடியும்."

'மேக்' அடித்து, மேலே போனார். படித்தார். கொடுத்தார். மூன்றாம் முறை, வரி வரியாகக் கட்டிக்கொண்டு போனது. அவர் கண்கள் விரிந்தன.

"எவ்வளவு பொறுமையாச் சொல்லித் தந்திருக்கார்! யாரும்மா இவர்? நான் பார்க்கணுமே."

நஸ்ரின் குனிந்து 'கிளியர்' என்று அடித்தாள். எழுத்தெல்லாம் மறைந்தது. கறுப்புத் திரையில் ஒரு முகம் தெரிந்தது.

"அட," என்றார் திருமேனி. "நானா!"