இருபத்து நாலு வயசு

மலையடிவார மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தங்கராசுக்கு எழுபத்தொன்று. மகன் வயசுக்காரனிடம் உபதேசமா என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். தங்கராசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை, வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை வைத்துவிட்டுக் கேட்டார்.

"சாமி, ஒரே வயசுல நின்னுக்கறதுக்கு மருந்து இருக்குதுங்களா? அந்தக் காலத்துச் சித்தருங்க வெச்சிருந்தாங்கன்னு சொல்றாங்களே?"

"இருந்தா எந்த வயசு கேப்பீங்க?"

"இருபத்து நாலுங்க."

"எல்லாரும் பதினாறு கேப்பாங்க. அதென்ன இருபத்து நாலு?"

தங்கராசு அங்கேயே படியில் உட்கார்ந்தார்.

"எம் பொண்டாட்டிக்கு மறதி நோயுங்க. பத்தொம்பது வயசுலயே நின்னுட்டா. போன மாசம் கல்யாணம் ஆன நெனப்பு. அப்ப எனக்கு இருபத்து நாலு. சாயங்காலமானா வாசப்படியில உக்காந்து, மில்லுல இருந்து புருசன் வருவான்னு பாத்துட்டே இருக்கறா. பக்கத்துலயே நான் உக்காந்திருக்கறேன். என்னை யாரோ பெரியவருங்கறா. அந்த வயசுல நான் போய் நின்னா, ஒருக்கா தெரிஞ்சுக்குவா. அது போதுங்க சாமி."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

அன்று சாயங்காலம் சாமி அவர் வீட்டுக்குப் போனார்.

நாச்சம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லை மூடி இருபது வருடம் ஆகிவிட்டது. சாமி திண்ணையில் உட்கார, தங்கராசு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனம்மணி, உங்க ஊட்டுக்காரரு இன்னும் வரலீங்களா?"

"மில்லுச் சங்கு ஊதுனா வந்துருவாருங்க."

"அவரு பேரென்ன?"

அவள் வெட்கப்பட்டாள். புருசன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது. கல் வைத்த தங்க மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தலைமேல் கிரீடம் வைப்பதுபோல் கையைக் குவித்தாள்.

"மூக்காண்டியா?"

"அய்யோ, மூக்கு இல்லீங்க! அதுல இருக்கறது!"

"அப்பக் கல்லுராசா!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கராசு தினமும் தெரிந்தேதான் தப்பாகச் சொல்கிறார் என்று சாமிக்குப் புரிந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவருகிட்டச் சொல்லிராதீங்க பெரியவரே. சங்கு ஊதுனாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அவரு வந்துட்டா நிமிந்து பாக்க முடியறதில்லீங்க. சோத்தப் போட்டு வெச்சுட்டு அடுப்படிக்குள்ள ஓடிருவேன்."

"அத்தனை ஆசையா?"

"இருக்காதுங்களா பின்ன?"

சாமி எழுந்தார். தங்கராசு தெருமுனை வரைக்கும் கூட வந்தார்.

"உங்க இருபத்து நாலு வயசுல இதை அவங்க உங்ககிட்டச் சொன்னாங்களா?"

"ஒருக்காக்கூட இல்லீங்க. என்னைப் புடிக்கலையோன்னு நெனச்சு நான் அப்பெல்லாம் தவிச்சுக் கெடந்தேன்."

சாமி வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அந்த மருந்து..." என்று இழுத்தார் தங்கராசு.

"அந்த இருபத்து நாலு வயசுப் பையன் வந்தா அம்மா எந்திரிச்சு அடுப்படிக்குள்ள ஓடிருவாங்க," என்றார் சாமி. "நீங்க போங்க. பெரியவரைக் காணோமேன்னு தேடப் போறாங்க."