வெள்ளைமர வளைவில் ஒருத்தி

“ரீச்சர், இந்தப் பயம் எப்ப போகும்?”

வதனி இதைக் கேட்டபோது ஆரபி மலை உச்சியில் குனிந்து, சறுக்குப் பலகையில் சப்பாத்தைக் கவ்வும் பூட்டில் இறுகியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஆரபி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனியில் சறுக்கும் ஸ்கீ பழக்குகிறவள். நோர்வேயிலேயே பிறந்தவள். வதனியைவிட இளையவள். அதனால் ஆசிரியை சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை ஆசிரியையை ரீச்சர் என்பாள்.

“என்ன பயம், அக்கா?”

“விழுந்திடுவன் எண்டு.”

“விழத்தானே போறீங்க. நானும் விழுறனான். வேற?”

வதனி தன் காலைப் பார்த்தாள்.

போன குளிர்காலம் அவள் இந்த மலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். எலும்பு பொருந்திவிட்டது. இனி ஓடலாம், ஆடலாம் என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

ஆனால் உச்சியில் நின்று கீழே பார்த்தால் அவள் உடம்பு தானாகப் பின்னுக்குச் சரிந்தது. பின்னுக்குச் சரிந்தால் பலகைகள் முன்னுக்கு ஓடும். ஓடினால் இன்னும் பயம். கடைசியில் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்து, சறுக்கி வருகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, நடந்தே இறங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மிதுலாவின் வகுப்பு உச்சிக்கு வருகிறது. ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒருவர் சறுக்கி இறங்கவேண்டும் என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். தகப்பனுக்குக் கப்பலில் சமையல் வேலை. இப்போதைக்கு வரமாட்டார். அந்த ஊரில் அவர்களுக்கு வேறு ஒருவரும் இல்லை.

மிதுலா அழவில்லை. பரவாயில்லை அம்மா, நான் கீழே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அழுதிருந்தால் வதனி தாங்கியிருப்பாள்.

ஆரபி சப்பாத்தைப் பூட்டில் மாட்டினாள். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டாள்.

வதனி வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள். பின்னேரம், ஆட்களை உச்சிக்கு ஏற்றும் லிஃப்ட் நிற்கிற நேரம். வெள்ளைப் பட்டை மரங்கள் நிற்கும் வளைவில் பாதையை விட்டு விலகிப் பள்ளத்துக்குள் போய்விட்டாள். காலை அசைக்க முடியவில்லை. இருட்டியபிறகு பனியைச் சமப்படுத்தும் மெசின் வந்தது. அதன் வெளிச்சத்தில் அவள் தொப்பி தெரிந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி ஓடி வந்தார்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் நின்றபிறகு ஒருவர் கடைசியாக இறங்குவார். வளைவுக்கு வளைவு நின்று, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுவார். தன் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். பதில் இல்லையென்றால்தான் அடுத்த வளைவு. அவர் கீழே போய்ச் சேர்ந்தபிறகுதான் மெசின் வெளிக்கிடும்.

“கடைசி ஆள் வரேல்லையோ?”

“வந்தவர்.”

“கூப்பிடேல்லையோ?”

“கூப்பிட்டவர். திருப்பியும் கூப்பிட்டவர்.”

“உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“கேட்டது.”

ஆரபி இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“பிறகு ஏன் குரல் குடுக்கேல்ல?”

வதனி ஒரு கையுறையைக் கழற்றினாள். மறுபடி போட்டாள்.

“வெக்கமா இருந்தது. பள்ளத்துக்குள்ள அலங்கோலமாக் கிடக்கிறன். வந்தது ஆரோ ஒரு ஆம்பிளை. கொஞ்சம் பொறுத்து நானே எழும்பிடுவன் எண்டு நினைச்சன். பிறகு அந்தச் சத்தம் கீழ போயிட்டுது.”

ஆரபி தான் போட்டிருந்த மஞ்சள் மேலங்கியைக் கழற்றி நீட்டினாள். கடைசியாக இறங்குகிறவர் போடுவது அது. அன்றைக்கு அவளுடைய முறை.

“இண்டைக்கு நீங்க கூப்பிடுங்கோ.”

வதனி பின்வாங்கினாள். தன்னையே கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாதவள் மற்றவர்களை எப்படித் தேடுவது என்றாள். சத்தம் போட்டுப் பழக்கமில்லை, வீட்டில்கூடக் குரல் உயர்த்தியதில்லை என்றாள்.

“மிதுலா வேற மாதிரிச் சொன்னாள்,” என்றாள் ஆரபி.

வதனிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

மலையில் இரண்டு பாதைகள். இடப்பக்கத்தைத் தான் பார்ப்பதாகச் சொன்னாள் ஆரபி. வெள்ளை மரங்கள் நிற்பது வலப்பக்கம்.

“அந்தப் பக்கம் ஆராவது விழுந்து கிடந்தா, அக்கா, உங்களை விட்டா அவைக்கு ஒருத்தரும் இல்லை.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

லிஃப்ட்டின் இரைச்சல் நின்றது. அதுவரை அப்படி ஒரு இரைச்சல் இருந்ததே வதனிக்குத் தெரியவில்லை.

முதல் வளைவுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அரக்கிப் போனாள். நோர்வேக்காரரின் பாஷையில் கூப்பிட்டாள். கடையில் சாமான் கேட்கிற சத்தம்தான் வந்தது. பள்ளத்தில் கிடப்பவருக்கு இது கேட்காது என்று அவளுக்கே தெரிந்தது. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். காத்திருந்தாள்.

பதில் இல்லை.

பாதை ஓரத்தில் நின்றால்தான் பள்ளம் தெரியும். ஓரத்துக்குச் சறுக்கிப் போனாள். எட்டிப் பார்த்தாள். மற்ற ஓரத்துக்கும் போய்ப் பார்த்தாள்.

அடுத்த வளைவு. அதற்கடுத்தது. யாரும் இல்லாத மலையில் அவளுடைய குரல் மட்டும் போய்ப் போய் வந்தது.

வெள்ளை மரங்கள் வந்தன.

உடம்பு பின்னுக்குச் சரியப் பார்த்தது. சரிந்தால் பள்ளத்தின் அடி தெரியவில்லை. வதனி முன்னுக்குக் குனிந்தாள்.

வாயைத் திறந்தபோது தமிழ்தான் வந்தது.

“ஆராவது இருக்கிறீங்களோ?”

காத்திருந்தாள்.

“வெக்கப்படாதேங்கோ. நான் பொம்பிளைதான்.”

ஒரு கிளையிலிருந்து பனி உதிர்ந்தது. வேறு சத்தம் இல்லை. அவள் கனநேரம் அங்கேயே நின்றாள். அன்றைக்குத் தன்னைக் கூப்பிட்டவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள். பிறகு அடுத்த வளைவுக்குச் சறுக்கினாள்.

கீழே ஆரபி காத்துக்கொண்டிருந்தாள்.

“ஆரும் இருந்தவையோ?”

“இல்லை.”

“வெள்ளை மரத்தடியில?”

“வடிவாப் பாத்தனான். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தனான்.” வதனிக்கு மூச்சு வாங்கியது. “அங்க ஒருத்தரும் இல்லை, ரீச்சர்.”

ஆரபி தன் பலகைகளைக் கழற்றிப் பனியில் குத்தி நிறுத்தினாள்.

“ஞாயிற்றுக்கிழமை பிள்ளையள் முன்னுக்குப் போகட்டும், அக்கா,” என்றாள். “நீங்க கடைசியா வாங்கோ.”